இழுவை குறைந்த 100 சிசி மோட்டார் சைக்கிள்: அறிகுறியைக் கொண்டு குறையைக் கண்டறியும் வழிமுறை

1994ஆம் ஆண்டில் அறிமுகமான ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரின் 97.2 சிசி இன்ஜின் தருவது சுமார் 7 முதல் 8 குதிரைத்திறன்தான். அதன்பின் வந்த பேஷன், அதே வகுப்பைச் சேர்ந்த பிளாட்டினா, ஸ்டார் சிட்டி போன்ற வண்டிகளும் ஏறக்குறைய இதே அளவில்தான் நிற்கின்றன. இவ்வளவு சிறிய இன்ஜினில் அரைக் குதிரைத்திறன் வீணானாலும், பின்னால் ஒருவரை அமர்த்திக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது அது தெரிந்துவிடும். "வண்டியில் பிக்அப் இல்லை" என்று பட்டறையில் சொன்னால், பெரும்பாலும் முதலில் கை போவது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் திருகுக்குத்தான். ஆனால் இழப்பு சக்கரத்தில் இருக்கிறதா, செயினில் இருக்கிறதா, கிளட்சில் இருக்கிறதா, எரிபொருள் வழியில் இருக்கிறதா என்று பார்க்காமல் அந்தத் திருகைத் தொடுவது, சரியாக இருந்த ஒன்றையும் கெடுத்துவிடும். எனவே கீழே உள்ள வரிசை, செலவில்லாத சோதனைகளில் தொடங்கி, இன்ஜினைத் திறக்க வேண்டிய நிலையில் முடிகிறது. பெரும்பகுதி கார்புரேட்டர் உள்ள வண்டிகளுக்கானது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபின் வெளியான எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகளைப் பற்றித் தனியே சொல்லியிருக்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, டேங்கை முழுதும் நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் முழுதும் நிரப்பிக் கணக்கிடும் மைலேஜ். மற்றொன்று, போக்குவரத்து இல்லாத சமமான சாலையில் 40 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றி, வண்டி தானாக எவ்வளவு தூரம் உருண்டு நிற்கிறது என்ற அளவு. இரண்டாவது அளவைப் பலர் பொருட்படுத்துவதில்லை. இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையில் குறை எந்தப் பக்கம் என்று பிரித்துச் சொல்வது அதுதான். எந்த மாற்றத்தைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செய்து, மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். ஒரே நாளில் பிளக், ஃபில்டர், ஆயில், செயின் அனைத்தையும் மாற்றினால் வண்டி நன்றாக ஓடலாம். ஆனால் எது குறையாக இருந்தது என்று தெரியாது, ஆறு மாதம் கழித்து அதே குறை திரும்பும்போது மீண்டும் அனைத்தையும் மாற்ற நேரிடும்.

அறிகுறி: தள்ளும்போதே வண்டி கனக்கிறது, உருண்டு நிற்கும் தூரம் குறைவாக இருக்கிறது

முதலில் டயரின் காற்று. ஸ்ப்ளெண்டர் வகை வண்டிக்கு முன்சக்கரத்தில் 25 பிஎஸ்ஐ, பின்சக்கரத்தில் ஒருவர் ஓட்டினால் 28, இருவர் சென்றால் 41 என்பதே வழக்கமான அளவு. உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டிலும், பெரும்பாலும் செயின் கவர் அல்லது பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மீது ஒட்டிய தாளிலும் இருக்கும். காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். இருவர் செல்லும் வண்டியில் 28 பிஎஸ்ஐ மட்டும் வைத்துக்கொண்டு இன்ஜினைக் குறை சொல்வதை அடிக்கடிப் பார்க்க முடிகிறது.

அடுத்தது பிரேக். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால், செயினின் மெல்லிய ஓசையுடன் அது சில சுற்றுகள் தானாகச் சுற்ற வேண்டும். உராயும் ஓசை கேட்டாலோ, ஒரே இடத்தில் தடுமாறி நின்றாலோ, பிரேக் ஷூ டிரம்மைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. பின்பிரேக்கை மிதிக்காமல் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோனால் அனல் அடிக்கக் கூடாது. இந்தக் குறைக்கு ஒரு காரணம், செயினை இறுக்கும் வேலையிலேயே ஒளிந்திருக்கிறது. செயின் தளர்ந்தால் பின்சக்கரத்தைப் பின்னோக்கி நகர்த்தி இறுக்குகிறோம்; அப்போது பிரேக் ராடின் நீளம் மாறாததால், டிரம்மில் உள்ள நெம்புகோல் தானாக முன்னோக்கி இழுபட்டு, மிதிக்காமலே பிரேக் பாதி பிடித்துவிடுகிறது. செயினை இறுக்கிய ஒவ்வொரு முறையும் பிரேக் நட்டைத் தளர்த்தி, மிதிக்கு 20 முதல் 30 மி.மீ. தளர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரமாகச் செய்யும் சர்வீஸில் இந்த ஒரு படி விட்டுப்போய், அதன் பிறகு பல மாதங்கள் மைலேஜ் குறைந்தே இருக்கும்.

செயினின் தளர்வு பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கலாம். கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, சக்கரத்தைச் சுற்றியபடி பல இடங்களில் பார்க்க வேண்டும். ஏனெனில் தேய்ந்த செயின் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தொங்கியும் இருக்கும். இறுகிய இடத்தை வைத்தே அளவைத் தீர்மானிக்க வேண்டும். தளர்ந்த செயின் சத்தம் போட்டுத் தன் குறையைச் சொல்லிவிடும்; அதிகமாக இறுக்கிய செயின் சத்தமின்றி கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும். கழிவு ஆயிலைச் செயினுக்கு ஊற்றுவது நல்லதல்ல; அதில் இன்ஜினின் தேய்மானத் துகள்கள் கலந்திருக்கின்றன. 90 எண் கியர் ஆயிலோ, செயினுக்கென்றே விற்கும் லூப்ரிகண்டோ போதும். வலம், இடம் இரு பக்கமும் ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் ஒரே எண்ணிக்கையில் இருக்கின்றனவா என்று கடைசியாகச் சரிபார்க்கவும். சக்கரம் கோணலாக நின்றால் டயரும் செயினும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும்.

அறிகுறி: இன்ஜினின் சத்தம் ஏறுகிறது, வேகம் அதற்கேற்ப ஏறவில்லை

இது கிளட்ச் நழுவுவதன் அடையாளம். டாப் கியரில் 40 கி.மீ. வேகத்தில் சென்றுகொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முறுக்கினால், இன்ஜினின் ஓசையும் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும். ஓசை மட்டும் முந்திக்கொண்டு ஏறினால், முதலில் கிளட்ச் நெம்புகோலின் நுனியில் 10 முதல் 20 மி.மீ. தளர்வு இருக்கிறதா என்று பார்க்கவும். தளர்வே இல்லையென்றால் கேபிள் கிளட்சை எப்போதும் கொஞ்சம் பிடித்தபடியே வைத்திருக்கிறது; ஒரு நட்டைத் திருப்பினால் குறை தீர்ந்துவிடலாம்.

தளர்வு சரியாக இருந்தும் நழுவினால், கடைசியாக ஊற்றிய ஆயில் எது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இந்த வண்டிகளில் கிளட்ச் பிளேட்டுகள் இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கியிருக்கின்றன. காருக்கென்று தயாரிக்கப்படும் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருப்பதால், அவை பிளேட்டுகளை வழுக்கச் செய்யும். டப்பாவில், ஆயிலில் மூழ்கும் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறியீடு இருப்பதையும், தடிமன் எண் கையேட்டில் சொன்னபடி, பெரும்பாலும் 10டபிள்யூ-30, இருப்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். விலை கூடிய ஆயில் என்பதற்காக அது இந்த வண்டிக்குப் பொருந்திவிடாது. ஆயிலும் சரியென்றால் பிளேட்டுகளையும் ஸ்பிரிங்குகளையும் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பிளேட்டை மட்டும் மாற்றி, சுருங்கிப்போன பழைய ஸ்பிரிங்கையே போட்டு மூடுவதில் பயனில்லை.

அறிகுறி: முறுக்கியவுடன் இன்ஜின் தயங்குகிறது, திணறுகிறது, மிஸ்ஸிங் (இடையிடையே எரியாமல் விட்டுப்போதல்) அடிக்கிறது

இங்குதான் கார்புரேட்டர் பேச்சுக்கு வருகிறது. அதற்கும் முன்னால் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எரிதல் சரியாக இருக்கிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெளுத்து, சாம்பல் பூத்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது இன்ஜின் மிகையாகச் சூடேறுகிறது. எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்திருந்தால் அது பெட்ரோல் சிக்கலே அல்ல, ஆயில் எரிகிறது. பிளக் முனையின் இடைவெளியைக் கையேட்டின்படி ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைக்கவும். இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, பிளக் கேப்பையும் அதன் வயரையும் தொடாமல் உற்றுப் பாருங்கள். எங்காவது நீலப் பொறி வெளியே கசிந்தால், மழைநாளில் மட்டும் வரும் மிஸ்ஸிங்கின் காரணம் அதுவாகவே இருக்கும்.

பிறகு ஏர் ஃபில்டர். நுரை ஃபில்டரைக் கழுவி, உலர்த்தி, ஆயிலிட்டுப் பிழிந்து மாட்டலாம். எண்ணெய் ஏற்றிய காகித ஃபில்டரைக் கழுவவோ, கம்ப்ரஸர் காற்றால் ஊதவோ கூடாது. அதை மாற்றத்தான் வேண்டும். ஊதினால் தூசியோடு அந்த எண்ணெய்ப் படலமும் போய்விடும், காகிதமும் நுண்ணியதாகக் கிழியும். அதன்பின் செல்லும் தூசி சிலிண்டரைத் தேய்க்கும்.

இவை சரியாக இருந்தும் தயக்கம் நீடித்தால், எளிய சோதனை ஒன்று உண்டு. இன்ஜின் நன்றாகச் சூடானபின், அது தயங்கும் அதே நிலையில் சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள். ஓட்டம் சீரானால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமானால் ஏற்கெனவே பெட்ரோல் மிகை. இந்த ஒரு விடை கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

கார்புரேட்டரின் எந்தப் பகுதி குறையுள்ளது என்பதை ஆக்சிலரேட்டரின் திறப்பே சொல்லும். ஸ்லோ ஸ்பீடிலும் எட்டில் ஒரு பங்கு திறப்பு வரையிலும் குறை என்றால் பைலட் ஜெட்டும் (ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் நுண்துளைப் பாகம்) அதன் திருகும். கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை என்றால் ஊசியும் அது இறங்கும் துளையும். முழுத் திறப்பில் மட்டும் என்றால் மெயின் ஜெட். கைப்பிடியில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, கால், அரை, முக்கால் எனக் கோடிட்டுக்கொண்டால் ஓட்டும்போது எந்த இடம் என்று ஐயமின்றித் தெரியும்.

பெட்ரோல் போதாமைக்கு, அடைத்த ஜெட்டைப் போலவே, இன்ஜினுக்கும் கார்புரேட்டருக்கும் இடையில் காற்று கசிவதும் காரணமாகலாம். வெடித்த ரப்பர் குழாயோ, தளர்ந்த போல்ட்டோ அங்கு இருந்தால், ஸ்லோ ஸ்பீடு நிலையற்று ஏறி இறங்கும். அந்த இணைப்பின்மீது சிறிது தண்ணீரைத் தெளித்துப் பார்க்கலாம். இன்ஜினின் ஓசை மாறினால் கசிவு அங்கே. எரியக்கூடிய திரவங்களைச் சூடான இன்ஜினின் மீது தெளிக்க வேண்டாம்.

கார்புரேட்டரின் கீழ்ப்பகுதியில் பெட்ரோல் தங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி, வடியும் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் தனியே தங்கினால் அதுதான் குறை. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருப்பதால் இந்தச் சோதனைக்கு முன்னைவிட மதிப்புக் கூடியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும், அளவு மிஞ்சினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியில் கிண்ணத்தைக் காலிசெய்து வைப்பது நல்லது. அத்துடன் லிட்டருக்கு எத்தனால் தரும் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மைலேஜில் சிறு சரிவு ஏற்பட்டால் அதற்காக ஜெட்டை மாற்றித் துரத்த வேண்டாம்.

ஜெட்டின் துளையைக் கம்பியாலோ குண்டூசியாலோ குத்துவதை எந்தச் சூழலிலும் அனுமதிக்காதீர்கள். ஜெட் மென்மையான பித்தளை. கண்ணுக்குத் தெரியாத அளவு துளை பெரிதானாலும் கலவை நிரந்தரமாக மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்தால் போதும். பைலட் திருகைத் திருப்பும் முன், அதை மெதுவாக உள்ளே அமரும் வரை திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். தவறினால் பழைய இடத்துக்குத் திரும்ப அதுவே வழி. திருகு இன்ஜின் பக்கம் இருந்தால் வெளியே திருப்பும்போது பெட்ரோல் கூடும். ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பும்போது காற்று கூடும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் செய்யும் ட்யூனிங் நேர் எதிராகப் போய்விடும்.

அறிகுறி: சில நிமிடம் வேகமாகச் சென்றபின் மூச்சு முட்டி நின்றுவிடுகிறது, சற்றுப் பொறுத்தால் மீண்டும் ஓடுகிறது

பெட்ரோல் வந்து சேரும் வேகம் போதவில்லை. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நிற்கும். நின்றவுடன் மூடியைத் திறந்தால் காற்று உறிஞ்சும் ஓசை கேட்டு, வண்டி உடனே கிளம்பினால் காரணம் அதுவே. இல்லையெனில் டேங்கிலிருந்து பெட்ரோலைத் திறந்து மூடும் டேப், அதன் சல்லடை, வழியில் உள்ள ஃபில்டர் ஆகியவற்றில் துரு அடைத்திருக்கும்.

அறிகுறி: காலையில் நன்றாக இருக்கிறது; சூடானதும் இழுவை போய்விடுகிறது

இதற்கு முதல் ஐயம் டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடம். வால்வு சூட்டில் நீள்கிறது. அதற்கு இடம் விட்டே இடைவெளி வைக்கப்படுகிறது. 100 சிசி வண்டிகளில் அது பெரும்பாலும் 0.05 முதல் 0.10 மி.மீ.க்குள் வரும், துல்லியமான எண்ணைக் கையேட்டிலிருந்தே எடுக்க வேண்டும். இடைவெளி போதாதபோது சூடான வால்வு முழுமையாக மூடாது, அழுத்தம் கசியும், வால்வின் விளிம்பு மெல்ல எரியத் தொடங்கும். "டேப்பட் சத்தம் வருகிறது, குறைத்துக் கொடுங்கள்" என்று உரிமையாளரே கேட்டு இறுக்கிக்கொள்வதுதான் வருத்தம் தருவது. சீரான, மெல்லிய டிக் ஒலி ஆரோக்கியமான இன்ஜினுக்கு உரியது. இரவு முழுதும் நின்று குளிர்ந்த இன்ஜினில், பிஸ்டன் அழுத்த நிலையின் உச்சியில், ஃப்ளைவீலின் டி குறி நேராக நிற்கும்போது ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். காதால் வைக்கும் டேப்பட்டை நான் ஏற்பதில்லை. அளவு சரியாக இருந்தும் குறை நீடித்தால், சூட்டில் மட்டும் செயலிழக்கும் இக்னிஷன் காயிலையும், பிளக்கின் பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐயையும், நல்லதென்று தெரிந்த ஒன்றை மாற்றிப் பொருத்திச் சோதிக்கலாம்.

அறிகுறி: எல்லாம் சரி, உச்ச வேகம் மட்டும் போதவில்லை

இது பெரும்பாலும் குறையே அல்ல. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் வளர்கிறது, 80 கி.மீ.யிலிருந்து 90 கி.மீ.க்குச் செல்ல, காற்றுக்காக மட்டும் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும். சைலன்சரை மாற்றுவதோ, ஃபில்டர் பெட்டியைத் திறந்துவிடுவதோ அதைத் தரப்போவதில்லை. வெளியேறும் வழியும் உள்ளே வரும் வழியும் ஜெட்டும் ஒன்றுக்கொன்று கணக்கிட்டு அமைக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் திறந்துவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து, அன்றாடம் பயன்படும் நடு வேகத்தில் இழுவை குறைவதோடு இன்ஜினும் சூடேறும். சத்தம் கூடுவதால் வேகம் கூடியதாகத் தோன்றும், அவ்வளவுதான். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது என்பதையும் மறக்கக் கூடாது. முன் ஸ்ப்ராக்கெட்டில் 14 பல்லுக்குப் பதிலாக 15 போட்டால் இன்ஜின் அமைதியாக ஓடும். ஆனால் ஒவ்வொரு கியரிலும் இழுவை சுமார் 7 விழுக்காடு குறையும், இருவர் ஏறினால் டாப் கியர் பயன்படாமலே போகலாம்.

மலைப்பாதையில் மட்டும் வரும் திணறலும் இத்தகையதே. உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவதால், கார்புரேட்டர் வண்டியில் திறன் குறைந்து கலவையில் பெட்ரோலும் மிகையாகிறது. மேட்டுப்பாளையம் இறங்கியதும் தானாகச் சரியாகிவிடும் ஒன்றுக்காக மேலே திருகைத் தொட வேண்டியதில்லை.

எரிபொருள் உட்செலுத்தும் வண்டிகளுக்கு

டயர், பிரேக், செயின், கிளட்ச், டேப்பட் பற்றி மேலே சொன்ன அனைத்தும் இவற்றுக்கும் பொருந்தும். வேறுபடுவது கலவை மட்டுமே. மீட்டரில் உள்ள இன்ஜின் விளக்கு எரிகிறதா, எத்தனை முறை சிமிட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பல வண்டிகளில் அந்தச் சிமிட்டலே எந்த சென்சார் குறையுள்ளது என்பதற்கான குறியீடு. விளக்கு எரியாமல் தயக்கம் இருந்தால், பேட்டரியின் மின்னழுத்தம், த்ராட்டில் பாடியில் படிந்த கரி, இன்ஜெக்டரின் அடைப்பு என்ற வரிசையில் பார்க்கலாம். பெயிண்ட் வைத்து முத்திரையிட்ட திருகுகளைத் தொடக் கூடாது.

அறிகுறி: நீலப் புகை, ஆயில் குறைதல், கிக்கர் எதிர்ப்பின்றி இறங்குதல்

இவற்றில் இரண்டு சேர்ந்து வந்தால் சிலிண்டரின் அழுத்தத்தை அளக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை முழுதும் திறந்து வைத்து, கம்ப்ரஷன் கேஜைப் பிளக் துளையில் மாட்டி, கிக் செய்து எண்ணைக் குறிக்கவும். கையேட்டின் அளவைவிடக் குறைந்தால், ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயிலைப் பிளக் துளை வழியாக ஊற்றி மீண்டும் அளக்கவும். எண் தெளிவாக ஏறினால் பிஸ்டன் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருக்கின்றன. ஏறவில்லையென்றால் வால்வுகள் கசிகின்றன. புகையும் இதையே வேறு விதமாகச் சொல்லும்: முறுக்கி ஏற்றும்போதெல்லாம் வந்தால் ரிங், காலையில் கிளப்பும்போதும் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் மட்டும் வந்தால் வால்வு ஆயில் சீல். சீலுக்காக முழு போர் வேலைக்குப் பணம் கொடுக்காமல் இருக்க இந்த அளவுகள் உதவும். அவற்றை எழுதிக்கொண்டே பட்டறைக்குச் செல்லுங்கள்.

போரும் பிஸ்டனும் புதிதாகப் போட்டபின், முதல் 500 கி.மீ. வரை பாதித் திறப்பைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடித்து வைக்காமல், டாப் கியரில் மேடு ஏற்றி இன்ஜினைத் திணறவிடாமல் ஓட்ட வேண்டும். அந்த 500 கி.மீ. முடிந்ததும் ஆயிலை மாற்றி, டேப்பட்டை மீண்டும் அளந்து, பிளக்கின் நிறத்தைப் பார்த்தபின்பே கார்புரேட்டரின் இறுதி ட்யூனிங்கைச் செய்ய வேண்டும்.